இரு கடிதங்களும் ஒரு வாக்கும்

1921-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5-ஆம் நாள். இலண்டன் மாநகரின் டௌனிங் தெருவிலே, பிரிட்டிஷ் பிரதமரின் இல்லத்திலே, இரு தரப்பார் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றனர். ஒருபுறம் லாயிட் ஜார்ஜ், ஆஸ்டின் சேம்பர்லின், பர்க்கன்ஹெட் பிரபு, வின்ஸ்டன் சர்ச்சில் - சூரியன் மறையாத சாம்ராஜ்யத்தின் சூத்திரதாரிகள். மறுபுறம் ஆர்தர் கிரிஃபித், மைக்கேல் காலின்ஸ், ராபர்ட் பார்ட்டன் - எழுநூறு ஆண்டு ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்த அயர்லாந்தின் தூதுவர்கள்.

எழுகிறார் லாயிட் ஜார்ஜ். அவர் கையிலே இரு கடிதங்கள். உடன்பாடு ஏற்பட்டுவிட்டது என்று கூறுவது ஒன்று. அயர்லாந்துத் தூதுவர் மறுத்துவிட்டனர் என்று கூறுவது மற்றொன்று. இரண்டுமே, பெல்ஃபாஸ்டில் காத்திருக்கும் வட அயர்லாந்துப் பிரதமர் சர் ஜேம்ஸ் கிரேக்குக்கு எழுதப்பட்டவை. கொண்டு செல்லத் தனி ரயில் தயார். கடல் கடக்கப் போர்க்கப்பல் தயார். எந்தக் கடிதம் போகவேண்டும் என்பதை இன்றிரவே கூறியாக வேண்டும். தூதுவர் ஒவ்வொருவரும் கையொப்பமிட்டாக வேண்டும். இரண்டாவது கடிதம் போனால் மூன்றே நாளில் போர்! இதுதான் பிரதமர் விடுத்த இறுதி எச்சரிக்கை.

பீரங்கி முழங்கவில்லை, வாள் உருவப்படவில்லை. காகிதம் இரண்டு, அவ்வளவுதான். நள்ளிரவு கடந்து, மணி இரண்டும் கடந்து, 6-ஆம் நாள் பொழுது புலருமுன் கையொப்பம் விழுந்தது. ஏழு திங்கள் நிறைவதற்குள், தோளோடு தோள் நின்று ஏகாதிபத்தியத்தை எதிர்த்த அயர்லாந்து வீரர்கள், இரு கூறாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தலாயினர்.

துப்பாக்கிக்குப் பணியாதவர்கள் காகிதத்துக்குப் பணிந்தது எப்படி?

"துரோகம்" என்றனர் சிலர். "விதி" என்றனர் வேறு சிலர். இரண்டுமே சிந்தனையை மூடிவைக்கும் சொற்கள். காரண காரியம் தேடும் கண்ணுடையோர் இந்த இரு சொற்களையும் ஒதுக்கிவிட்டு, அந்த மேசையின் மீது என்ன நடந்தது, மேசைக்கு அடியில் என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும். அதற்கு ஒரு விளக்கு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆட்டக் கோட்பாடு என்பது அதன் பெயர்.

பெயரைக் கேட்டுச் சீட்டாட்டம், சூதாட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். ஒருவன் எடுக்கும் முடிவு எதிராளியின் முடிவைப் பொறுத்தும், எதிராளியின் முடிவு இவன் முடிவைப் பொறுத்தும் அமையும் நிலைமைகளைக் கணக்கிட்டு ஆராயும் கலை அது. ஜான் ஃபான் நாய்மன், ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்ன் என்னும் இருவர் 1944-இல் வெளியிட்ட பெருநூல் அதற்கு அடித்தளமிட்டது. 1950-இல் ஜான் நாஷ் என்ற இளைஞர், பேரம் என்பதையே கணிதத்தின் பிடிக்குள் கொண்டுவந்தார். 1960-இல் தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பேராசிரியர், மோதலின் உத்திகளை ஆராய்ந்து எழுதிய நூலிலே, கேட்டவரைத் திடுக்கிட வைக்கும் கருத்தொன்றைக் கூறினார்: பேரத்திலே தன் கையைத் தானே கட்டிக்கொள்பவன், கை விடுபட்டு நிற்பவனை வெல்லக்கூடும்! 2005-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வந்தது.

கட்டப்பட்ட கை வெல்லுமா? வெல்லும். மணப்பாறைச் சந்தைக்கு வாருங்கள். துண்டுக்கு அடியிலே விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசுகின்றனர். விற்பவர் 40,000 ரூபாய்க்குக் குறைந்தால் கொடுக்கமாட்டார். வாங்குபவர் 50,000 வரை கொடுக்கச் சித்தமாக இருக்கிறார். இருவர் மனக்கணக்கும் அவரவர் மனத்துக்குள்ளே. இடையே எந்த விலைக்கு முடிந்தாலும் இருவருக்கும் இலாபமே. ஆனால் எந்த விலைக்கு முடியும்? வாங்க வந்தவர் மடியை அவிழ்த்துக் காட்டுகிறார். "அண்ணன் எண்ணிக் கொடுத்தது 42,000. அதற்குமேல் ஒரு காசு என்னிடம் இல்லை. அண்ணனோ ஊரில் இல்லை" என்கிறார். விற்பவர் அதை நம்பிவிட்டால் பேரம் முடிந்தது. மடியிலே பணம் நிறைந்திருந்தவன் 46,000 கொடுத்திருப்பான். மடி சுருங்கியவன் 42,000-த்தில் மாட்டை ஓட்டிச் செல்கிறான். இல்லாமையே அவனுக்கு ஆயுதமாயிற்று!

எனினும் இந்த ஆயுதத்துக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. கட்டு, எதிராளியின் கண்ணுக்குத் தெரியவேண்டும். நினைத்தவுடன் அவிழ்த்துவிடக் கூடியதாக இருத்தல் ஆகாது. எதிராளி தன்னைக் கட்டிக்கொள்ளும் முன்னர் நாம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இந்த மூன்றிலே ஒன்று குறைந்தாலும் கட்டு கட்டாகாது. இருவருமே ஒரே நேரத்தில் இறுகக் கட்டிக்கொண்டாலோ, மாடு விலைபோகாது. பகைநாடுகளுக்கிடையே என்றால், போர் மூளும். ஆகவே இது நெருப்பு. அளவறிந்து கையாள வேண்டியது.

இந்த விளக்கைக் கையிலேந்தி இலண்டன் மண்டபத்துக்குள் நுழைவோம்.

1918 டிசம்பர்த் தேர்தலிலே, அயர்லாந்தின் 105 இடங்களில் 73 இடங்களைச் சின் ஃபீன் இயக்கம் வென்றது. வென்றவர்கள் இலண்டன் பாராளுமன்றத்துக்குப் போக மறுத்து, 1919 ஜனவரியில் டப்ளின் நகரிலே டாயில் எனப்படும் தங்கள் சொந்த மன்றத்தைக் கூட்டினர், குடியரசை அறிவித்தனர். இரண்டரை ஆண்டுகள் மறைந்திருந்து தாக்கும் போர் நடந்தது. 1921 ஜூலை 11-இல் போர் நிறுத்தம். இதற்கிடையே ஏகாதிபத்தியம் ஒரு காரியத்தை முடித்துவிட்டது. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக அயர்லாந்தை இரண்டாகப் பிளந்து, வடக்கே ஆறு மாவட்டங்களுக்குத் தனி மன்றம் அமைத்து, 1921 ஜூன் 22-இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜைக் கொண்டே திறந்தும் வைத்துவிட்டது. பேச்சு தொடங்குமுன்னரே நாட்டப்பட்ட எல்லைக்கல்! பேரத்திலே முந்திக்கொண்டு தன்னைக் கட்டிக்கொள்வதென்றால் என்ன என்பதற்கு இதுவே முதற் சான்று.

அக்டோபர் 11-இல் பேச்சு தொடங்கிற்று. தீர்க்கவேண்டிய பெருஞ்சிக்கல்கள் இரண்டு. அயர்லாந்து மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்து சாம்ராஜ்யத்துக்குள் இருப்பதா என்பது ஒன்று. பிளவுண்ட நாடு ஒன்றாவது எப்படி என்பது மற்றொன்று. பேச்சு முறிவதாயின் எந்தச் சிக்கலின்மீது முறியவேண்டும்? இதிலேதான் ஆட்டத்தின் உயிர்நாடி இருந்தது. மன்னரை ஏற்க மறுத்ததால் முறிந்தது என்றால், பிரிட்டிஷ் மக்கள் மீண்டும் போருக்கு இசைவர். வடக்கின் பிடிவாதத்தால் முறிந்தது என்றால், அதற்காக மகனைப் பலிகொடுக்க எந்த ஆங்கிலத் தாய் முன்வருவாள்? ஆறு மாவட்டங்களிலே ஃபெர்மனா, டைரோன் என்னும் இரண்டில் பெரும்பான்மை மக்கள் பிரிவினைக்கு எதிரானவர்களாயிற்றே! ஆகவே, முறிந்தால் அல்ஸ்டர் பிரச்னையில் முறியட்டும் என்பது அயர்லாந்தாரின் திட்டம். நல்ல திட்டம், நுட்பமான திட்டம்.

கட்டுகளும் நல்லவையாகவே இருந்தன. தலைவர் டி வலரா இலண்டன் செல்லவில்லை, டப்ளினிலேயே தங்கினார். அவர் அங்கிருந்தால்தான், "எங்கள் தலைவரைக் கேட்டே சொல்லமுடியும்" என்று தூதுவர் கூறமுடியும். மாட்டுச் சந்தையில் ஊரில் இல்லாத அண்ணன் இவர்தான்! தூதுவருக்கு எழுத்து மூலம் கட்டளையும் தரப்பட்டது: முக்கிய முடிவு எதையும் எடுக்குமுன் டப்ளினுக்குத் தெரிவிக்க வேண்டும், கையொப்பமிடும் நிலையிலுள்ள உடன்படிக்கையின் முழு வாசகத்தையும் அனுப்பி, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆனால் அதே தூதுவர் கையிலே கொடுக்கப்பட்ட அதிகாரச் சான்றோ, அவர்களைப் பேசி முடிக்கும் முழு அதிகாரம் பெற்றவர்கள் என்றது. ஒரு கையிலே பூட்டு; மறு கையிலே திறவுகோல்! கட்டு வீட்டுக்குள்ளே இருந்தது. வெளியே தெரிந்ததெல்லாம் கட்டில்லாக் கை. நமக்குள் நாம் போட்டுக்கொண்ட தளை, எதிரி காணாதவரை, பேரத்திலே தளையாகாது. தூதுவர் மனத்திலே உறுத்தும் முள்ளாகவே நிற்கும்.

லாயிட் ஜார்ஜின் கட்டைப் பாருங்கள். அவரோ லிபரல், அவர் ஆட்சியைத் தாங்கி நின்றதோ கன்சர்வேடிவ் கட்சி. இந்தப் பலவீனத்தையே அவர் படைக்கலமாக்கினார். தாம் விட்டுக்கொடுக்க நினைத்தாலும் தம் கூட்டாளிகள் விடமாட்டார்கள் என்றும், தாம் வீழ்ந்தால் வடக்கின் தீவிர ஆதரவாளரான போனர் லா பதவிக்கு வந்துவிடுவார் என்றும் அச்சமூட்டினார். இது ஊரறிந்த கட்டு. ஆகவே நம்பப்பட்ட கட்டு.

நவம்பர்த் திங்கள் வந்தது. 17-ஆம் நாள் லிவர்பூலில் கன்சர்வேடிவ் மாநாடு. அங்கே கூட்டணியைக் கவிழ்க்கத் தீவிரவாதிகள் முனைந்து நின்றனர். 12-ஆம் நாள் கிரிஃபித்தைத் தனியே சந்தித்தார் லாயிட் ஜார்ஜ். வடக்கு, ஒன்றுபட்ட அயர்லாந்தை ஏற்க மறுத்தால், எல்லைக் கமிஷன் ஒன்று அமைத்து மக்கள் விருப்பப்படி எல்லையைத் திருத்தலாம் என்றார். வடக்கோடு தாம் மல்லாடும்போது தம்மைக் கைவிட்டுவிடக் கூடாது என்றும் கேட்டார். அதற்கு இசைந்தார் கிரிஃபித். மறுநாள், பிரதமரின் செயலாளரான டாம் ஜோன்ஸ் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். படித்தார் கிரிஃபித், சரியென்றார். உதவி கேட்டு வந்தவருக்கு உதவியதாகவே எண்ணினார். தாள் சட்டைப் பைக்குள் போயிற்று.

அந்தத் தாள்தான் மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 5 அன்று, வெளியே வந்தது. மன்னர் பிரச்னையை ஒதுக்கி, வடக்கின் பதிலை முதலில் கொண்டுவாருங்கள் என்று கிரிஃபித் திட்டப்படியே வாதாடினார். முறிவு அல்ஸ்டர்மீது விழப்போகும் வேளை. எடுத்தார் லாயிட் ஜார்ஜ் அந்தத் தாளை. கொடுத்த வாக்கை மீறுகிறீரா என்று சீறினார். பக்கத்தில் அமர்ந்திருந்த பார்ட்டனுக்கு அது என்ன தாள் என்பதே விளங்கவில்லை. கிரிஃபித்துக்கு விளங்கிற்று. நேர்மையாளர் அவர். வாக்கு வாக்குதான் என்றார். தாம் மட்டுமாவது கையொப்பமிடுவதாகக் கூறினார். அயர்லாந்தின் கையிலிருந்த ஒரே நல்ல சீட்டு, ஒரு நல்லவரின் நாணயத்தாலேயே பறிபோயிற்று.

அரிச்சந்திரன் கதையை நாட்டிலே எத்தனை முறை நடித்திருக்கின்றனர்! வாக்கைக் காத்தான் மன்னன் என்று உச்சிமேல் வைத்து மெச்சினர். வாக்குக் கொடுத்தவன் அவன். ஏலம் போனவளோ சந்திரமதி, அடிமையானவனோ லோகிதாசன். கேட்டுக் கொடுத்தானா அவர்களை? கிரிஃபித்தின் வாக்கும் அத்தகையதே. அவர் தம் பொருளைக் கொடுப்பதாக வாக்களிக்கவில்லை; ஒரு நாட்டின் வடபுறத்தை, அந்நாட்டைக் கேளாமல், தம் தனி நாணயத்தோடு பிணைத்துவிட்டார். தனிமனிதனுக்கு அணியாக விளங்கும் குணம், தூதுவன் கழுத்திலே சுருக்காக மாறுவது இப்படித்தான்.

அதற்குப் பிறகுதான் இரு கடிதங்கள் எழுந்தன. அந்த உத்தியின் கூர்மையை உணரவேண்டும். அதற்குச் சற்று முன்னர்தான் வரிவிதிப்பில் அயர்லாந்துக்கு முழு உரிமையை விட்டுக்கொடுத்திருந்தார் லாயிட் ஜார்ஜ். கடிதம் வைத்த கணத்திலோ, போரா அமைதியா என்ற பொறுப்பையே எதிர்த்தரப்பின் தலைமீது தூக்கி வைத்தார். "நான் செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன், இனி இரத்தம் சிந்தினால் அது உங்களால்" என்பதே அதன் பொருள்.

ஹான்ஸ் பிளேஸ் என்னுமிடத்திலிருந்த தங்கள் விடுதிக்குத் திரும்பினர் தூதுவர். வாதாடினர், வருந்தினர். காலின்ஸ் இசைந்தார், டக்கன் இசைந்தார். கடைசிவரை மறுத்துப் பார்த்த பார்ட்டனும் கவன் டஃபியும், போரின் பழி தங்கள் தலையில் விழும் என்ற நெருக்கடியில் பணிந்தனர். இரண்டு நாளுக்கு முன், டிசம்பர் 3 அன்று, டப்ளின் அமைச்சரவையில், கையொப்பமிடாமல் கொண்டுவருவதாகக் கூறிச் சென்றவர் கிரிஃபித். அன்றிரவு டப்ளினுக்குத் தொலைபேசியில்கூட யாரும் பேசவில்லை.

மிரட்டல் மெய்யா, பொய்யா? 1965-இல் ரைன்ஹார்ட் செல்டன் என்ற ஜெர்மானிய அறிஞர் இதற்கோர் உரைகல் தந்தார். நேரம் வரும்போது நிறைவேற்றினால் மிரட்டியவனுக்கே நட்டம் என்றால், அந்த மிரட்டலைக் கணக்கிலிருந்து அடித்துவிடு என்பது அதன் சாரம். உரசிப் பாருங்கள். தந்தியும் தொலைபேசியும் இருக்கும்போது ரயிலும் கப்பலும் எதற்கு? இன்றிரவு என்ற கெடு, கிரேக்குக்கு லாயிட் ஜார்ஜ் தாமே கொடுத்த வாக்கன்றி வேறென்ன? ஒருநாள் தள்ளினால் சாம்ராஜ்யம் சரிந்துவிடுமா? உலகப் போரில் களைத்த மக்கள், ஒருநாள் அவகாசம் மறுத்ததற்காக மற்றொரு போரை ஏற்பரா? கடிதத்தைச் சுமந்து செல்லக் காத்திருந்த இளஞ் செயலாளர் ஜெஃப்ரி ஷேக்ஸ்பியரே, அயர்லாந்தார் அந்த மிரட்டலை ஏன் அப்படியே நம்பினர் என்று பின்னாளில் தம் நினைவுக் குறிப்பில் வியந்து எழுதினார்.

மறுபக்கத்தையும் மறைத்தல் நியாயமன்று. மறைந்திருந்து போராடியவர்கள் போர் நிறுத்தத்திலே வெளியே வந்துவிட்டனர், முகங்கள் தெரிந்துவிட்டன, ஆயுதங்களோ குறைவு. அதைப் பிறரைவிட நன்கறிந்தவர் காலின்ஸ். மூன்று நாளில் போர் என்பது மெய்யாகிவிட்டால் மடியப்போவது அவர் வளர்த்த தோழர்கள். ஆகவே அவர் பணிந்ததைக் கோழைத்தனம் என்பது அறிவுக்கு அழகன்று. நாம் சுட்டுவது வேறு: சோதித்துப் பார்க்கவும் ஒருநாள் வாங்கவும் தேவையான கட்டு அவர்களுக்குத் தரப்பட்டிருந்தது. "எங்கள் கட்டளை எழுத்தில் இருக்கிறது; டப்ளினைக் கேளாமல் எம்மால் ஒப்பமிட முடியாது" என்பதை முதல் நாளே உலகறியச் சொல்லியிருந்தால், அந்தக் கடைசி இரவிலே கடிதத்தை நீட்டுவதற்கே இடமிருந்திராது.

விளைவு என்ன? பெற்றது சிறிதன்று. இருபத்தாறு மாவட்டங்களிலிருந்து அந்நியப் படை வெளியேறிற்று. கனடாவுக்கு நிகரான தகுதி கிடைத்தது. ஆனால் விசுவாசப் பிரமாணம் இருந்தது. மூன்று துறைமுகங்கள் பிரிட்டனிடம் இருந்தன. எல்லைக் கமிஷன் என்ற மயக்கம் இருந்தது. 1922 ஜனவரி 7-இல் டாயில் 64-க்கு 57 என்ற கணக்கில் ஒப்புக்கொண்டது. ஜூன் 28-இல் உள்நாட்டுப் போர். ஆகஸ்ட் 12-இல் கிரிஃபித் மறைந்தார். பத்தே நாளில் காலின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். தூதுக்குழுவின் செயலாளராக இருந்த எர்ஸ்கின் சைல்டர்ஸ், நவம்பர் 24 அன்று, அயர்லாந்து அரசாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். லாயிட் ஜார்ஜும் தப்பவில்லை. யாரைக் காட்டி மிரட்டினாரோ அதே கன்சர்வேடிவ்கள் 1922 அக்டோபர் 19 அன்று அவரைக் கைவிட்டனர்.

இன்னொரு கொடுமை. அந்த டாயில் விவாதத்திலே நாட்கணக்கில் பேசப்பட்டது மன்னர் மீதான பிரமாணம். மிகக் குறைவாகப் பேசப்பட்டது பிரிவினை. கமிஷன் எல்லையைத் திருத்தும் என்று நம்பினர். 1925 டிசம்பர் 3-இல், எல்லையில் ஒரு முழம் கூட மாறாது என்று முடிந்தது! எதற்காக உடன்பிறந்தார் சுட்டுக்கொண்டனரோ அந்தப் பிரமாணத்தை 1933-இல் டி வலராவின் அரசு சட்டத்தால் நீக்கிற்று. 1938-இல் துறைமுகங்கள் திரும்பி வந்தன. 1949-இல் முழுக் குடியரசு மலர்ந்தது. ஒரு தாளிலே, ஒரு தனி அறையிலே, ஒருவர் சரியென்று தலையசைத்த அந்த எல்லையோ, நூறாண்டு கடந்து இன்றும் நிற்கிறது.

தோழர்களே! ஆலைத் தொழிலாளர் சார்பில் கூலி பேசப் போகிறவரும், ஊர்மக்கள் சார்பில் நிலத்துக்கு வழக்காடப் போகிறவரும் இந்த வரலாற்றைப் படித்துவிட்டே படியேற வேண்டும். கட்டளை எழுத்தில் இருக்கட்டும். எதிர்த்தரப்பார் முதல் நாளே அதைப் படிக்கட்டும். இறுதி ஒப்புதல், அனுப்பியவர் அவையிலே இருக்கட்டும். தனியறையில் தரும் தனி வாக்கு வேண்டாம். தந்துவிட்டால் அன்று மாலையே தோழரிடம் சொல்லிவிடுக. கெடு வைக்கப்பட்டால், ஏன் இன்று, ஏன் நாளையன்று என்று கேளுங்கள். மிரட்டினால், நிறைவேற்றினால் நட்டம் யாருக்கு என்று கணக்கிடுங்கள். எதில் முறியலாம், எதில் முறியலாகாது என்பதைப் புறப்படுமுன்னரே அனைவரும் கூடி முடிவு செய்யுங்கள்.

களத்திலே உயிரைக் கொடுக்க அயர்லாந்திலே ஆயிரம் வீரர் இருந்தனர். மேசையிலே ஒருநாள் அவகாசம் வாங்க ஆளில்லாமற் போயிற்று. வீரத்துக்கு நினைவுச் சின்னம் எழுப்புவோர் எழுப்பட்டும். அந்த ஒருநாளின் விலையை நாம் மறவாதிருப்போம்.